37 அடி பாய்மரப் படகுக்கு எந்த நங்கூரம்? லங்காவி, புக்கெட், அப்புறம் திருகோணமலை

லங்காவி_பாய்:

எல்லோருக்கும் வணக்கம். 37 அடி படகு ஒன்று வாங்கி மலேசியாவின் லங்காவியில் நிறுத்தியிருக்கிறேன். தண்ணீர், டீசல், சாமான் எல்லாம் ஏற்றினால் ஏழரை டன் பக்கம் வரும். படகோடு வந்த நங்கூரம் 35 பவுண்டு சிக்யூஆர் என்ற கலப்பை வகை, அதாவது 16 கிலோ, கால்வனைஸ் பூச்சு பாதி போய்விட்டது. செயின் 8 மிமீ, 30 மீட்டர்தான், அதற்குப் பின்னால் நைலான் கயிறு.

இந்த வருடம் லங்காவி, தாய்லாந்துப் பக்கம் தாருதாவ், புக்கெட் என்று சுற்றிப் பழகிக்கொள்வோம். வரும் ஜனவரியில் வாடைக்காற்றைப் பிடித்துத் திருகோணமலை, அங்கிருந்து மாலத்தீவு. மரீனா வாடகைக்குப் பணம் இல்லை, பெரும்பாலும் நங்கூரத்தில்தான் கிடப்போம். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உள்ளே தூங்குவார்கள். கடைக்காரர் டெல்டாவே போதும் என்கிறார். பக்கத்துப் படகுக்காரர் ரொக்னாவைத் தவிர வேறு எதையும் பேச மாட்டேன் என்கிறார். இன்னொருவர் ஸ்பேட், மான்டஸ் என்று நீட்டுகிறார். எதை வாங்கலாம், எத்தனை கிலோ? பட்ட அனுபவத்தோடு சொல்லுங்கள்.

பினாங்கு_மாலுமி:

தம்பி, இந்தப் பக்கத்துக் கடலுக்கு நங்கூரம் தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: காற்று திசை மாறிப் படகு சுற்றிக்கொண்டால், நங்கூரம் பிடுங்கிக்கொண்டு தானாக மறுபடி பதியுமா? அதிகபட்ச இழுவை எவ்வளவு தாங்கும் என்ற கணக்கெல்லாம் அதற்கு அப்புறம்.

ஏன் சொல்கிறேன் என்றால், மலாக்கா நீரிணையில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நீரோட்டம் திரும்புகிறது, படகும் கூடவே திரும்பும். அது மெதுவாக நடப்பதால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஆனால் ஏப்ரலில் இருந்து நவம்பர் வரை சுமத்ரா என்று நாம் சொல்லும் சூறை வரும், நள்ளிரவு தாண்டி விடிவதற்குள் வருவதுதான் அதிகம். மாலையில் கரைப்பக்கத்து இளங்காற்றுக்கு நங்கூரம் போட்டுவிட்டுப் படுத்திருப்பீர்கள், மேற்கே கறுப்பாக ஒரு சுருள் மேகம் தெரியும், சில நிமிடங்களில் 40 நாட் (மணிக்கு 40 கடல்மைல்) காற்று நேர் எதிர்த் திசையில் இருந்து அடிக்கும். நங்கூரம் மாலையில் எந்தப் பக்கம் பதிந்ததோ அதற்கு முதுகுப்பக்கமாக இழுபடும். கதவுக் கீல் போல மூட்டு வைத்த சிக்யூஆர் மாதிரிப் பழைய கலப்பை நங்கூரம் அந்த நேரத்தில் புரண்டு பக்கவாட்டில் படுத்துக்கொண்டு சேற்றை உழுதபடியே போய்விடும். லங்காவியின் குவாவில் அப்படி ஒரு விடியலில் பெரிய படகு ஒன்று குறுக்கே எங்களைக் கடந்து போனது. அதன் சொந்தக்காரர் படகின் முன்முனையான அணியத்தில் மண்டியிட்டு மழையில் செயினை விட்டுக்கொண்டே இருந்தார், படகு நிற்கவே இல்லை. கரைக்குக் கொஞ்ச தூரத்தில் இரண்டாவது நங்கூரத்தைப் போட்டுத்தான் நிறுத்தினார்.

சிக்யூஆர் நல்ல நங்கூரமாக இருந்த காலம் ஒன்று உண்டு. ஜெஃப்ரி டெய்லர் என்ற பெரிய இயற்பியலாளர் 1930களில் கடல் விமானங்களுக்காக வடிவமைத்தது அது. அதற்கு முன்னால் இருந்த குறுக்குக்கட்டை நங்கூரத்தோடு ஒப்பிட்டால் பெரிய முன்னேற்றம். ஆனால் அதற்குப் பிறகு புரூஸ் வந்தது, டெல்டா வந்தது, 1990களில் பிரான்சில் ஸ்பேட் வந்தது, 2004இல் நியூசிலாந்தின் பீட்டர் ஸ்மித் ரொக்னாவைக் கொண்டுவந்தார். ஸ்பேடுக்கும் ரொக்னாவுக்கும் மண்ணைக் குத்தும் அலகு குழிவானது. ஸ்பேடுக்கு முனையில் எடை, ரொக்னாவுக்கு மேலே ரோல் பார் என்ற வளைகம்பி. இரண்டும் எப்படி விழுந்தாலும் முனை மண்ணைத் தொடும்படி புரண்டு நிற்கும். 2006இல் கலிஃபோர்னியாவில் சாண்டா குரூஸ் பக்கம் படகுப் பத்திரிகைகள் சேர்ந்து இறுகிய மணலில் இழுத்துப் பார்த்தபோது சிக்யூஆர் பதியவே திணறியது, புது வகைகள் சட்டென்று கடித்துக்கொண்டன.

என் முடிவு: குழிவான அலகு உள்ள புதுத் தலைமுறை நங்கூரம், தயாரிப்பாளரின் அட்டவணை காட்டுவதற்கு ஒரு அளவு மேலே. இந்தக் கூட்டத்துக்குள் எந்தப் பெயர் என்பது இரண்டாம் பட்சம்.

பழைய_கலப்பை:

மேலே சொன்னவர் மேல் மரியாதை உண்டு, ஆனால் இதை ஒப்புக்கொள்ள முடியாது. சிக்யூஆரோடு பசிபிக்கும் இந்துமாக் கடலும் தாண்டிய படகுகள் எத்தனையோ. என்னிடமும் இன்றைக்கும் அதுதான் இருக்கிறது, 45 பவுண்டு, முழுக்கச் செயின். நங்கூரம் இழுத்துக்கொண்டு போகிறது என்று புகார் சொல்கிறவர்களில் பாதிப் பேர் அதை ஒழுங்காகப் பதியவைக்காதவர்கள்.

குடாவுக்குள் வருகிறார்கள், படகு இன்னும் முன்னால் நகர்ந்துகொண்டிருக்கும்போதே பொத்தென்று போடுகிறார்கள், செயின் எல்லாம் நங்கூரத்தின் மேலேயே குவிகிறது, என்ஜினை அணைத்துவிட்டுக் காபி போடப் போய்விடுகிறார்கள். அதை நங்கூரம் போட்டதாக நான் கணக்கில் எடுப்பதில்லை. படகை முழுசாக நிறுத்தி, அது பின்னால் நகரத் தொடங்கும்போது நங்கூரத்தை அடியில் வைத்து, நகர நகரச் செயினை நீட்டி விட வேண்டும். ஆழத்தைப் போல மூன்று மடங்கு போனதும் லேசாகப் பிடித்து நீட்டிக்கொள்ள விடுங்கள். ஐந்து மடங்கு போனதும் ரிவர்ஸ் கியர், முதலில் ஐடில், அப்புறம் மெதுவாக ஏற்றி 1500, 2000 ஆர்பிஎம். சேறு என்றால் பத்து நிமிடம் அதை அப்படியே கிடக்கவிட்டு, அமிழ்ந்த பிறகு இழுங்கள். ரிவர்ஸில் இழுக்கும்போது செயின் மேல் உள்ளங்கையை வையுங்கள். பதிந்திருந்தால் விறைப்பாக அசையாமல் நிற்கும். தடதடவென்று விட்டு விட்டு அதிர்ந்தால் நங்கூரம் அடியில் துள்ளிக்கொண்டு வருகிறது, எடுத்து மறுபடி போடுங்கள். கரையில் ஒரு மரத்தையும் அதன் பின்னால் ஒரு கம்பத்தையும் நேர்கோட்டில் வைத்துப் பாருங்கள், அந்தக் கோடு விலகவே கூடாது.

புது நங்கூரம் வாங்குவதற்கு முன்னால் செயினை வாங்கு என்பதுதான் என் ஆலோசனை. 30 மீட்டர் செயினோடு எதைப் போட்டாலும் பாதிதான் வேலை செய்யும்.

பினாங்கு_மாலுமி:

பதியவைக்கும் முறை பற்றி அண்ணன் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன், தம்பி அதை அச்சடித்துச் சுக்கான் பக்கத்தில் ஒட்டிவைக்கலாம். ஆனால் அந்த முறையெல்லாம் நாம் விழித்துக்கொண்டு என்ஜின் பக்கத்தில் நிற்கும்போது நடப்பது. சூறை வரும் நேரத்தில் இவர் தூங்கிக்கொண்டிருப்பார், நங்கூரம் தனியாகவே மறுபடி பதிய வேண்டும். அந்த ஒரு வேலைக்குத்தான் புதுத் தலைமுறை என்கிறேன். அண்ணனிடம் இருப்பது 45 பவுண்டு, இவரிடம் இருப்பது 35 பவுண்டு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 37 அடிக்கு 35 பவுண்டு சிக்யூஆர், அதுவும் தேய்ந்தது, இந்தக் கடலில் எனக்கு ஒத்துவராது.

ஆக்லாந்து_அலை:

அளவு பற்றி ஒரு வார்த்தை. உங்கள் படகுக்கு இந்த வகை நங்கூரங்களில் 20 கிலோ பக்கம் அட்டவணை காட்டும். 25 எடுங்கள். ஐந்து கிலோ கூடினால் செயினைத் தூக்கும் விண்ட்லாஸுக்கு வித்தியாசமே தெரியாது, அலகின் பரப்பு கூடுவது மட்டும் பிடியில் நன்றாகத் தெரியும். பிடியைத் தருவது மண்ணுக்குள் போகும் பரப்பும் அது எவ்வளவு ஆழம் போகிறது என்பதும்தான், வெறும் எடை அதற்குத் துணை.

கடையில் லாய்ட்ஸ் சான்று, எஸ்ஹெச்ஹெச்பி என்று பெருமையாகச் சொல்வார்கள். அதே எடையுள்ள சாதாரணக் கப்பல் நங்கூரத்தைப் போல நான்கு மடங்கு பிடி என்பது அதன் பொருள். நல்ல சான்றுதான், ஆனால் இந்த வகையில் பல நங்கூரங்களுக்கு அது இருக்கிறது, அதை வைத்து ஒன்றை மற்றொன்றுக்கு மேலே வைக்க முடியாது.

பணம் கட்டும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. தயாரிப்பாளர் தளத்தில் அளவோடு வரைபடம் கிடைக்கும், அதை ஒரு கெட்டி அட்டையில் நிஜ அளவில் வெட்டி உங்கள் அணியத்து ரோலரில் வைத்துப் பாருங்கள். முனை படகின் உடம்பில் இடிக்கிறதா, ரோல் பார் முன்கம்பித் தடுப்பிலோ சுருட்டுப்பாயின் டிரம்மிலோ மாட்டுகிறதா, தண்டு தட்டையாக உட்காருகிறதா என்று ஏற்றி இறக்கிப் பாருங்கள். ரோல் பார் இடித்தால் அது இல்லாத வகைகள் இருக்கின்றன: ஸ்பேட், ரொக்னாக்காரர்களின் வல்கன், ஆஸ்திரேலிய எக்ஸெல். உங்கள் ரோலரில் உட்காராத நங்கூரம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உங்களுக்கு வேண்டாம். ஒவ்வொரு முறையும் குனிந்து கையால் திருப்பிவிட வேண்டியிருந்தால், இடம் சரியில்லை, எடுத்து மறுபடி போடுவோம் என்று தோன்றும்போது உடம்பு வேண்டாம் என்றுவிடும்.

பெயர் தெரியாத மலிவு நகல்கள் பக்கம் போகாதீர்கள். வடிவம் அச்சு அசலாக இருக்கும், தண்டு மட்டும் மெல்லிய சாதா இரும்பாக இருக்கும். பக்கவாட்டில் இழுக்கும்போது அது வளையும், வளைந்த தண்டோடு நங்கூரம் நேராகப் பதியாது.

திருமலை_வள்ளம்:

தம்பி எங்கட பக்கம் வாறது சந்தோஷம். திருகோணமலை உட்துறைமுகம் வாடைக் காலத்திலும் நல்ல பாதுகாப்பு, அடி சேறு, பிடி இருக்கும். ஆனால் ஆழம் கூடிய துறைமுகம், கரைக்குக் கிட்டப் போனாலும் உங்கட எதிர்பார்ப்பை விட ஆழமாக இருக்கும். துறைமுகத்தார் காட்டுற இடத்தில்தான் நிற்க வேணும், நீங்கள் விரும்பின ஆழத்தைத் தேடி எடுக்க ஏலாது. 30 மீட்டர் செயின் எதுக்கும் காணாது.

எங்கட மீனவர்கள் பார் (கடலடிப் பாறை) மேல் போடுறது இரும்புக் கம்பியை வளைத்துச் செய்த நாலு கை நங்கூரம். பாருக்குள் சிக்கினால் என்ஜினில் இழுத்தால் கை நிமிர்ந்து வெளியே வந்துவிடும், கரைக்கு வந்து சுத்தியலால் அடித்து மறுபடி வளைத்துக்கொள்வார்கள். தொழிலுக்கு அது சரியான சாமான், சில மணி நேரம் நின்று தூண்டில் போட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு. ஏழரை டன் படகில் குடும்பத்தோடு இரவு கிடக்க அது வேண்டாம், சில வெளிநாட்டுப் படகுகள் மலிவு என்று வாங்கிப் போகிறபடியால் சொல்கிறேன்.

மாலத்தீவில் உங்களுக்கு வேறு கணக்கு. 15, 20 மீட்டர் ஆழத்தில் மணல் திட்டு, சுற்றிவர முருகைக்கல் (பவளப்பாறை). படகு சுற்றும்போது செயின் முருகையில் சுற்றிக்கொண்டால் திடீரென்று செயின் கட்டையாகிவிடும், அலை வந்தால் ஒவ்வொரு அலைக்கும் அணியத்தைப் பிடித்து இழுக்கும், முருகையும் உடைந்து போகும். அங்கே போகிற அனுபவக்காரர் முதல் 15, 20 மீட்டர் செயினை மணலில் கிடக்கவிட்டு, அதுக்குப் பிறகு ஐந்து மீட்டருக்கு ஒன்றாக சின்ன மிதவை கொளுவிவிடுவார்கள். மிச்சச் செயின் முருகைக்கு மேலே தண்ணீரில் தொங்கும். கொளுக்கியோடு நாலைந்து மிதவை இப்பவே வாங்கி வையுங்கள். சூரியன் உச்சியில் நிற்கிற நேரத்தில் உள்ளே போங்கள், மணல் எது முருகை எது என்று கண்ணுக்குத் தெரியும். கண்ணாடி போட்டு இறங்கி நங்கூரத்தைப் போய்ப் பாருங்கள், அந்தத் தண்ணீரில் 10 மீட்டர் ஆழத்தில் இருக்கிற தரை மேலிருந்தே தெரியும்.

லங்காவி_பாய்:

எல்லோருக்கும் நன்றி. புது வகைக்குப் போவது என்று முடிவாகிவிட்டது, அட்டை வெட்டும் வேலை இந்த வாரம். செயின் பற்றிக் குழப்பம் இருக்கிறது. 10 மிமீக்கு மாறினால் கனமாக அடியில் கிடந்து நங்கூரத்தைத் தட்டையாகப் பிடிக்கும் என்று துறையில் ஒரு பெரியவர் சொன்னார். 8 மிமீ போதுமா?

சென்னை_பொறியாளர்:

இங்கே கொஞ்சம் கணக்குப் போடுவோம். அமெரிக்கப் படகுத் தரக் குழுவான ஏபிஒய்சியின் அட்டவணைப்படி 35 அடிப் படகுக்கு 30 நாட் காற்றில் நங்கூரத்தின் மேல் சுமார் 400 கிலோ இழுவை, 42 நாட்டில் 800 கிலோ. 40 அடிக்கு 42 நாட்டில் 1,100 கிலோ வரும், உங்களுடையது நடுவில். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு என்பதை மறக்க வேண்டாம். 15 நாட்டில் அருமையாகப் பிடித்த நங்கூரம் 30 நாட்டில் பிடிக்கும் என்பதற்கு அது எந்த உத்தரவாதமும் இல்லை.

8 மிமீ செயின் மீட்டருக்கு 1.4 கிலோ, தண்ணீருக்குள் 1.2 என்று வையுங்கள். 45 மீட்டர் விட்டிருக்கிறீர்கள், இழுவை 400 கிலோ. நேர்கோட்டுக்குக் கீழே செயினின் தொய்வு நடுவில் முக்கால் மீட்டர் மட்டும்தான் வரும். 800 கிலோ இழுவையில் அதில் பாதி. 10 மிமீ செயின் மீட்டருக்கு 2.3 கிலோ, அதே 400 கிலோவில் தொய்வு ஒன்றேகால் மீட்டர். அதாவது உண்மையான காற்று வரும் நேரத்தில் இரண்டுமே கிட்டத்தட்ட நேர்கம்பிதான். செயினின் கனம் இளங்காற்றில் படகை அடக்கி வைக்கும், சூறையில் அதை நம்ப முடியாது. சூறையில் நங்கூரத்தின் தண்டைத் தட்டையாக வைப்பது நீளம் மட்டும்தான்.

60 மீட்டர் வாங்குவதாக இருந்தால் 8 மிமீ 84 கிலோ, 10 மிமீ 138 கிலோ. கூடுதலாக வரும் 54 கிலோவை அணியத்தின் நுனியில் ஏற்றினால் எதிர் அலையில் படகு தலையைத் தலையைக் குத்தும். வலிமை பற்றிக் கவலை என்றால் ஜி40 தர 8 மிமீ செயின் அறுபட 4 டன் பக்கம் வேண்டும். ஆகவே 8 மிமீ, நல்ல தரம், 60 மீட்டர், மிச்சப்பட்ட பணத்தையும் எடையையும் நங்கூரத்தில் போடுங்கள். மாலத்தீவு ஆழத்துக்காகச் செயினுக்குப் பின்னால் 40 மீட்டர் நைலான் கயிறு சேர்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை மீட்டர் விடுவது என்பதில் பலர் கோட்டைவிடுவது, ஆழமானி காட்டும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வது. ஓதம் (கடல் ஏற்றவற்றம்) இறங்கிய நேரத்தில் 6 மீட்டர் என்றால், லங்காவியில் பெரிய ஓதத்துக்கு 3 மீட்டர், அணியத்து ரோலர் தண்ணீருக்கு மேலே 1.2 மீட்டர், மொத்தம் 10.2. ஐந்து மடங்கு 51 மீட்டர். ஆறை ஐந்தால் பெருக்கி 30 மீட்டர் விட்டவருக்கு நள்ளிரவு ஓதத்தில் மூன்று மடங்குகூட மிஞ்சாது.

பழைய_கலப்பை:

கணக்கு சரி. தொய்வு இல்லாத செயின் நேர்கம்பி என்றால் ஒவ்வொரு அலை அடியும் நேராக நங்கூரத்தில் போய் இறங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதனால் ஸ்நப்பர் என்ற அதிர்ச்சி தாங்கும் கயிறு கட்டாயம். 12 அல்லது 14 மிமீ மூன்று புரி நைலான், 8, 10 மீட்டர் நீளம். ஒரு முனையைச் செயினில் கொக்கியாலோ முடிச்சாலோ பிடித்து, மறுமுனையை அணியத்தில் கயிறு கட்டும் கிளீட்டில் கட்டி, செயின் தளர்ந்து தொங்கும்வரை விட வேண்டும். இழுவை முழுக்க நைலானுக்குப் போகும், அது நீண்டு சுருங்கும். விண்ட்லாஸ் மேல் சுமையே வரக் கூடாது, அது தூக்குவதற்குச் செய்தது, பிடித்து நிறுத்த அல்ல. கயிறு உரசும் இடத்தில் பழைய தீயணைப்புக் குழாய்த் துண்டை மாட்டுங்கள். இரட்டைப் பின்னல் கயிறு பளபளப்பாக இருக்கிறது என்று வாங்க வேண்டாம், அவ்வளவாக நீளாது.

பேர்கன்_தமிழன்:

நான் நோர்வேயில் இருக்கிறேன், இங்கே பாறையும் ஆழமும்தான், பல இடங்களில் நங்கூரத்தோடு பின்பக்கக் கயிறு ஒன்றைக் கரைப் பாறையில் கட்டுவோம். அது உங்களுக்குப் பெரிதாகத் தேவைப்படாது. மாலத்தீவோடு நிற்காமல் செங்கடல் வழியே மத்தியதரைக் கடலுக்கு வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: போசிடோனியா என்ற கடற்புல். எந்த நங்கூரமும் அந்தப் புல்லில் நம்பிப் பிடிக்காது, ஸ்பெயினின் பலேரிக் தீவுகளில் 2018இல் இருந்து அதன் மேல் நங்கூரம் போடவே தடை. வெளிர்நிற மணல் திட்டைத் தேடிப் போட வேண்டும்.

ஆக்லாந்து_அலை:

சேறு பற்றி யாரும் முழுசாகச் சொல்லவில்லை. இங்கே எல்லோரும் புகழும் குழிவான அலகுக்கு ஒரு குறை உண்டு, ஒட்டும் களிமண்ணில் அலகில் பெரிய கட்டியாக மண் தங்கிவிடும், ரோல் பார் இருந்தால் இன்னும் நன்றாக. பிடுங்கிய பிறகு அந்தக் கட்டியோடு மறுபடி பதியச் சிரமப்படும். பனோப் என்ற படகில் இருந்து ஸ்டீவ் குட்வின் தண்ணீருக்கடியில் கேமரா வைத்து எடுத்த காணொளிகளில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம், வாங்கும் முன் ஒரு மாலை அதற்கு ஒதுக்குங்கள். அதற்காகப் புது வகையே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், மற்ற எல்லா நிலத்திலும் அதன் நன்மை அவ்வளவு பெரியது.

இரண்டாவது நங்கூரமாக ஃபோர்ட்ரஸ் வைத்துக்கொள்ளுங்கள். அலுமினியம், உங்கள் அளவுக்கு எஃப்எக்ஸ்-23, ஏழு கிலோகூட இல்லை, கழற்றிப் பையில் வைக்கலாம். அலகின் கோணம் 32 பாகை, மென்சேற்றுக்கு 45 பாகைக்கு மாற்றிக்கொள்ளலாம். 2014இல் அமெரிக்காவின் செசபீக் குடாவில் களி போன்ற மென்சேற்றில் பல நங்கூரங்களை இழுத்தபோது 45 பாகை வைத்த ஃபோர்ட்ரஸ்தான் முன்னால் நின்றது. சோதனையை நடத்தியது அந்த நிறுவனமே என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஆனால் பத்திரிகையாளர்களைப் படகில் வைத்துக்கொண்டுதான் செய்தார்கள். திசை மாறும் இடத்தில் அதைத் தனியாக நம்ப வேண்டாம், அலகுக்கும் தண்டுக்கும் நடுவில் செயின் சுற்றிக்கொள்ளும். இரண்டாவதாக, டிங்கி என்ற சிறு துணைப்படகில் எடுத்துப்போய்ப் போடுவதற்கு, இதைவிட இலகுவானது கிடையாது.

லங்காவி_பாய்:

அட்டை வெட்டிப் பார்த்தேன். ரோல் பார் சுருட்டுப்பாய் டிரம்மில் இரண்டு விரல் அளவு இடிக்கிறது. அதனால் ரோல் பார் இல்லாத குழிவான வகை, 25 கிலோ. செயின் 8 மிமீ ஜி40, 60 மீட்டர், கூட 40 மீட்டர் நைலான். ஃபோர்ட்ரஸ் அடுத்த மாதச் சம்பளத்தில். பழைய சிக்யூஆரைப் பின்பக்கப் பெட்டியில் வைத்துக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று, நங்கூரத்துக்கும் செயினுக்கும் நடுவில் ஸ்விவல் என்ற சுழலும் இணைப்பு போட வேண்டுமா? கடைக்காரர் ஸ்டெயின்லெஸ்ஸில் அழகான ஒன்றை எடுத்துக் காட்டுகிறார்.

பினாங்கு_மாலுமி:

வேண்டாம் தம்பி. பக்கவாட்டில் இழுக்கும்போது தண்டோடு நேரே மாட்டிய ஸ்விவலின் தாடை விரியும், முழு வரிசையிலும் பலவீனமான இடம் அதுவாகிவிடும். போட்டே தீர வேண்டும் என்றால் நங்கூரத்தில் இருந்து நாலைந்து செயின் வளையம் தள்ளிப் போடுங்கள். இல்லையென்றால் பின் போட்டு மூடும் இணைப்பு வளையமான கால்வனைஸ் ஷேக்கிள் ஒன்றே ஒன்று போதும். வேலைச் சுமை எண் உடம்பில் அச்சடித்த ஷேக்கிளாகப் பார்த்து, செயினின் கடைசி வளையத்துக்குள் நுழையும் பெரிய அளவை எடுங்கள், எண் இல்லாததைத் தொடாதீர்கள். முறுக்கி இறுக்கிய பிறகு பின்னின் துளை வழியே கம்பி சுற்றிக் கட்டுங்கள், அதிர்ந்து அதிர்ந்து கழலாமல் இருக்கும்.

செயின் வாங்கும்போது விண்ட்லாஸில் செயினைக் கவ்வும் சக்கரமான ஜிப்சியைக் கழற்றிக் கடைக்குக் கையில் எடுத்துப்போங்கள். 8 மிமீயில் டின், ஐஎஸ்ஓ என்ற இரண்டு செயின் தரங்களுக்கும் வளைய இடைவெளி 24 மிமீதான், ஆனால் உங்கள் ஜிப்சி அமெரிக்க அங்குல அளவாக இருந்தால் செயின் ஏறி ஏறி வழுக்கும். கயிற்றின் கடைசி முனையைப் பெட்டிக்குள் ஒரு உறுதியான வளையத்தில் கட்டிவையுங்கள். அந்தக் கட்டு மேல்தளம்வரை எட்டுகிற நீளத்தில் இருக்க வேண்டும், வேறு படகு ஏதாவது உங்கள் மேல் வந்து விழுந்தால் கத்தியால் அறுத்துவிட்டு ஓடலாம். ஒரு மிதவையும் பக்கத்திலேயே இருக்கட்டும், அறுக்கும் முன் முனையில் கட்டிவிட்டால் காலையில் வந்து எடுத்துக்கொள்ளலாம்.